விக்டோரியா கிராஸ் விழமாட்டான்

இடிக்குதா அண்ணா? இருங்க, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சுக்கறேன். தெர்மாகோல்தான், குத்தாது. செம்பு கலர் பெயின்ட் மட்டும் சட்டையில் ஒட்டும், இந்தப் பக்கம் தோளைக் கொடுக்காதீங்க.

முன்சீட்டு அம்மா ஏறினதும் இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கிட்டாங்க, கவனிச்சீங்களா? சர்ச்சுக்குப் போற சிலுவைன்னு நினைச்சுட்டாங்க. கண்டக்டர் கூட, "தம்பி, கோயிலுக்கா? ஓரமா வெச்சுக்கோ, சாமி மேல ஆளு ஏறிடப் போறாங்க"ன்னார். அதே குரல்தானே? மூக்கில் கொஞ்சம் சளி சேர்த்தா இன்னும் சரியா வரும். ஐயோ, திரும்பிப் பார்க்கிறார். நீங்க ஜன்னலுக்கு வெளியே பாருங்க.

சாமியும் இல்லை, சர்ச்சும் இல்லை. இது விக்டோரியா கிராஸ். வெள்ளைக்காரன் ராணுவத்தில் வீரத்துக்குக் கொடுத்த பெரிய மெடல். குடியரசு தினத்தன்னிக்கு எங்க ஸ்கூல் நாடகத்தில் இதுக்குள்ளே தலையை விட்டுக்கிட்டு நின்ன விக்டோரியா கிராஸ் நான்தான். இப்போ இதைக் கடத்திக்கிட்டுப் போறேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். குடியாத்தத்தில் எங்க மாமா வீட்டு மாடியில், தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்கப் போறேன். திங்கட்கிழமை இது ஸ்கூலில் இருந்தா என்னை இதுக்குள்ளே போட்டு மேடையிலிருந்து தள்ளிவிடுவாங்க. நான் மாட்டேன்னா வேற எவனையாவது போட்டுத் தள்ளுவாங்க. எவனும் விழக்கூடாது. அதுக்குத்தான்.

ஏன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவாயில்லை, குடியாத்தம் வர இன்னும் நேரம் இருக்கு.

என் பேர் ஜெகதீஸ்வரன். மேல்காட்டுப்பட்டு மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன். ஊரில் அந்தப் பேரை யாரும் சொல்றதில்லை, 'டேப்பு'தான். யார் குரலைக் கேட்டாலும் அப்படியே பிடிச்சு வெச்சுக்குவேன். ஹெச்.எம். குரலில் ஒரு தடவை மைக்கில் லீவு விட்டேன், பாதி ஸ்கூல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிடுச்சு. அந்த ஹெச்.எம்.தான் இப்போ என்னைக் கலைத் திருவிழாவுக்கு மாவட்ட அளவில் மிமிக்ரிக்கு அனுப்பறார். அனுப்பறதா இருந்தார். அதுக்கு வரேன்.

எங்க ஊர் மிலிட்டரி ஊருண்ணா. எந்தத் தெருவில் நுழைஞ்சாலும் வாசல் பலகையில் சுபேதார், ஹவில்தார்னு போட்டிருக்கும். அதனால் நாடகம்னா யாராவது எல்லையில் சாகணும். இந்த வருஷம் வரலாறு எடுக்கிற புருஷோத்தமன் சார் புதுசா யோசிச்சார். மனுஷங்களே கிடையாது, மேடையில் வர்ற எல்லாரும் மெடல். 'பரம் வீர் சக்கரத்தின் வரலாறு.' சார் பேசினா இப்படித்தான் இருக்கும்: "மாணவச் செல்வங்களே! பதக்கம் என்பது உலோகமன்று! அது ஒரு தேசத்தின் நெஞ்சாங்கூடு!" கடைசி வார்த்தைக்குக் குதிகாலைத் தூக்குவார். நானும் தூக்கணும், ஆனா பஸ் ஆடுது.

கதை என்னன்னா, முதல் காட்சியில் விக்டோரியா மகாராணி. குரல் நான்தான் கொடுத்தேன். எங்க ஆரணி பெரியம்மா பட்டுப்புடவைக் கடையில் உட்கார்ந்துக்கிட்டு, "வேற காட்டுப்பா, இதெல்லாம் ஒரு புடவையா"ம்பாங்களே, அந்தக் குரல். "யாரங்கே! என் சிப்பாய்களுக்கு ஒரு மெடல் கொண்டா! தங்கம் வேணாம், வெள்ளி வேணாம், எதிரிகிட்டப் பிடுங்கின பீரங்கியை உருக்கு!" பீரங்கிச் சத்தமும் நான்தான். அப்படித்தான் விக்டோரியா கிராஸ் பிறந்ததாம், ஆயிரத்து எண்ணூத்தி ஐம்பத்தாறில். பீரங்கி கதை நிஜமான்னு சாருக்கே சந்தேகம், ஆனா மேடைக்கு நல்லாருக்குன்னு வெச்சுக்கிட்டார்.

அதை நம்ம ஆளுங்களுக்குக் கொடுக்கலைண்ணா, தெரியுமா? அதே சண்டை, அதே குண்டு, ஆனா இந்தியச் சிப்பாய்னா அந்த மெடலுக்கு லாயக்கில்லை, அவனுக்கு வேற மெடல். தொள்ளாயிரத்துப் பதினொண்ணில்தான் மனசு வந்து விதியை மாத்தினாங்க. இந்த இடத்தில் சார் நிஜமாவே பல்லைக் கடிப்பார்.

ரெண்டாவது காட்சி, ஐம்பதாம் வருஷம் ஜனவரி இருபத்தாறு. நாடு குடியரசு ஆச்சு. நமக்குன்னு மூணு மெடல் வந்தது: பரம் வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. பரம் வீர், எங்க கிளாஸ் ஹரிஷ்குமார். ஊதா ஷால் போட்டு, நெஞ்சில் இந்திரனோட வஜ்ராயுதம் நாலு ஒட்டிக்கிட்டு வருவான். ஜிம்முக்குப் போறவன், அதான் ஹீரோ. மகாவீருக்குப் பாதி வெள்ளை பாதி காவி ஷால். வீர் சக்ராவுக்குப் பாதி கருநீலம் பாதி காவி, அது நிவேதிதா. மூணு பேரும் வந்து, "அந்நியச் சின்னமே, வெளியேறு!"ம்பாங்க. ஹரிஷ் என்னை ஒரு உதை விடணும். நான், "ஐயோ, என் சாம்ராஜ்யம் சரிகிறதே"ன்னு கத்திக்கிட்டு மேடையிலிருந்து விழணும். கீழே ஹை ஜம்ப் மெத்தை போட்டிருக்கும். ரிகர்சலில் ரொம்ப அழகா விழுவேன் அண்ணா. விழறதுக்குள்ளே ரெண்டு சுத்து. எனக்கு அப்போ ஒரு வருத்தமும் கிடையாது. கைதட்டு எனக்குத்தானே வரும்.

நான் விழுந்ததும் ஒரு பையன் கயிறை இழுப்பான், மேடை நெத்தியில் கட்டின துணி விலகும். உள்ளே புதுப் பலகை: 'பரம் வீர் அரங்கம்.' எல்லாரும் ஜெய்ஹிந்த். முடிஞ்சது.

அந்தப் பலகைக்கு அடியில் பழைய கல்வெட்டு ஒண்ணு இருக்கு. 'மிலிட்டரி மெடல் நாயக் முனிரத்தினம் மேடை'ன்னு. நான் ஒண்ணாம் கிளாஸிலிருந்து பார்க்கிற கல்லு. யார் அந்த முனிரத்தினம்னு ஒரு நாளும் கேட்டதில்லை. கல்லைப் பார்த்து யார் கேப்பா?

சரி, கன்னியம்மா டீச்சருக்கு வரேன்.

இவங்க ரிட்டையர்டு டிரில் டீச்சர். ரிட்டையர் ஆனப்போ நான் பிறக்கவே இல்லை. ஆனா சாயந்திரம் ஆனா கிரவுண்டுக்கு வந்துடுவாங்க. விசில் வேணாம், தொண்டையே விசில்தான். "ஏய்! இன்னாடா அது முதுகா, மூட்டையா? முதுகு நேரா!" இப்படி ஊரில் ஒருத்தரையும் விட்டதில்லை. சைக்கிளில் போற போஸ்ட்மேன் கூட அவங்களைப் பார்த்தா நிமிர்ந்து உட்கார்ந்துதான் மிதிப்பார். என்னைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் அவங்க வீட்டு வாசலிலேயே அவங்க குரலில் அவங்க ஆட்டை, "லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்!"னு நடத்திக்கிட்டு இருந்தேன். வெளக்குமாத்தோட துரத்தினாங்க. அந்த வயசில் என்ன ஓட்டம்!

இந்த நாடகத்துக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு விளையாட்டு விளையாடினேன். ஹெச்.எம். குரலில் போன் போட்டேன். "அதாவது அம்மா, பாத்தீங்கன்னா, நீங்கதான் நமக்குச் சிறப்பு விருந்தினர், முன் வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி…" வந்து நாற்காலி கேட்டு ஹெச்.எம்.கூடச் சண்டை போடுவாங்க, பார்த்துச் சிரிக்கலாம்னு. "கூப்புடுவீங்கன்னு தெரியும் சார்"னாங்க. அவ்வளவுதான். நான் கூப்பிட்டிருக்காட்டி அவங்க வந்திருக்கவே மாட்டாங்க. அந்த உபகாரத்தை யாராவது நினைக்கிறாங்களா?

அன்னிக்கு நான் இதைத் தலையில் மாட்டிக்கிட்டு மேடைக்குப் பின்னாடி நிக்கிறேன். வராங்க. கஞ்சி போட்ட காட்டன் புடவை. வலது பக்கம் தோளுக்குக் கீழே ரெண்டு மெடல் குத்தியிருக்காங்க. மேடையைப் பார்க்கிறாங்க, துணியைப் பார்க்கிறாங்க.

"டேப்பு, கல்லு மேல இன்னாடா துணி?"

"புதுப் பலகை டீச்சர். பரம் வீர் அரங்கம்."

"அடியில எங்கப்பா பேரு கீதே."

அண்ணா, சத்தியமா அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. முனிரத்தினம் அவங்க அப்பான்னு யாரும் சொன்னதில்லை. நான் பேச்சை மாத்தலாம்னு, "டீச்சர், மெடலை இந்தப் பக்கமா குத்துவாங்க? இடப் பக்கம்ல குத்தணும்?"னு கேட்டேன். போட்டாங்க ஒரு அதட்டல்.

"சம்பாரிச்சவன் எடப் பக்கம் குத்துவான்டா. செத்தவனுதை வீட்டு ஆளுங்க குத்துனா வலப் பக்கம். நானாடா ஆத்துல நின்னேன்?"

ரெண்டாம் உலகப் போரில், பர்மாவில் ஏதோ ஒரு ஆறாம். அவங்க அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், பாலம் கட்டறது, தெப்பம் விடறது எல்லாம் அவங்க வேலை. அடிபட்ட ஆளுங்களைத் தெப்பத்தில் ஏத்தி இழுத்துக்கிட்டு வரப்போ அந்தக் கரையிலிருந்து ஜப்பான்காரன் சுடறான். கம்பி வடம் ஒரு பக்கம் அறுந்துடுச்சு. இவர் அறுந்த நுனியைக் கையில் சுத்திக்கிட்டு, தெப்பம் கரை சேர்ற வரைக்கும் விடலை. வலது கை விரல் அதுக்கப்புறம் மடங்கவே இல்லையாம். "சோறு பெசைய வராது. சட்டைக்குப் பொத்தான் போட வராது. சலாம் அடிக்க மட்டும் அந்தக் கையை அடிச்சுக்க ஆள் கெடையாது"ன்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. நான் பார்த்து அவங்க சிரிச்சது அந்த ஒரு தடவைதான். அதுக்கு வெள்ளைக்காரன் கொடுத்ததுதான் அந்த மிலிட்டரி மெடல். வெள்ளி. ஒரு பக்கம் ராஜா தலை, விளிம்பில் சுத்தி அப்பா பேரும் நம்பரும் வெட்டியிருக்கு.

நான் சும்மா இருக்கக்கூடாதா? "அப்போ சுதந்திரம் வந்ததும் இதைக் கழட்டிட்டாரா டீச்சர்? நாடகத்தில் அப்படித்தான், துரத்திடுவோம்"னேன்.

"எவன்டா தொரத்துனது? எங்கப்பா அதுக்கப்புறமும் பெங்களூர் மிலிட்டரி ஸ்டோர்ல வேலை செஞ்சாரு. பரேடுக்கு ரெண்டையும் குத்திக்கினுதான் போனாரு. நம்ம சுதந்திர மெடலு முன்னால வந்துச்சு, ராஜா தலை கடைசிக்கு நவுந்துச்சு. கவர்மென்ட்டே அப்படித்தான் குத்தச் சொல்லிச்சு. கடைசியில நின்னா இன்னா, வரிசைதானே?"

பெல் அடிச்சுட்டாங்க. அவங்க போய் முன் வரிசையில் உட்கார்ந்தாங்க, நாற்காலி அவங்களுக்குப் போட்டதில்லைன்னு தெரியாம. ஹெச்.எம். முழிக்கிறார். எழுப்ப முடியுமா? அவருக்கும் அவங்கதான் டிரில் டீச்சர்.

நாடகம் பிரமாதமாப் போச்சு. பெரியம்மா குரலுக்கு ஒரே சிரிப்பு. பீரங்கிக்கு ஒரு குழந்தை அழுதுச்சு. அப்புறம் மூணு பேரும் வந்தாங்க. "அந்நியச் சின்னமே, வெளியேறு!" ஹரிஷ் விட்டான் பாருங்க ஒரு உதை, நிஜ உதை! ரிகர்சலில் காலைத் தொடுவான், அன்னிக்கு அவங்க அப்பா வீடியோ எடுக்கிறார்னு முட்டியைப் பேத்துட்டான். அதனால்தான் நான் விழலை. வேற காரணம் எதுவும் இல்லை. எல்லாரும் என்னென்னவோ சொல்றாங்க, தேசத் துரோகிங்கறாங்க, அங்கே ஒரு பெரிசு தியாகிங்கறார். எனக்கு முட்டி வலிச்சுது, கடுப்பு வந்துச்சு, அவ்வளவுதான். எழுதி வெச்சுக்கங்க.

நொண்டிக்கிட்டே நேரா நடந்தேன். பரம் வீரைத் தாண்டி, மகாவீரைத் தாண்டி, வீர் சக்ராவுக்கு அந்தப் பக்கம் போய், வரிசையில் கடைசி ஆளா நின்னுட்டேன்.

"டேய், விழுடா"ங்கறான் ஹரிஷ் பல்லுக்கு நடுவில். அப்புறம் சத்தமா, "வெளியேறு!" நான் நிக்கிறேன். "அந்நியச் சின்னமே, வெளியேறு!" நிக்கிறேன். ஜனம் சிரிக்குது. நிவேதிதா, "ஜெகா, சார் வராருடா, போயிடுடா"ங்கறா. ஓரத்திலிருந்து புருஷோத்தமன் சார் வேட்டியைத் தூக்கிக்கிட்டு வரார். கயிறு பிடிச்ச பையன் நான் விழறதுக்காக வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறான்.

என்ன பண்றதுன்னு தெரியலை. வாய்க்கு வந்தது கன்னியம்மா டீச்சர் குரல்தான். அடிவயித்திலிருந்து விட்டேன்: "ஸ்கூல்! முதுகு நேரா! அட்டேன்… ஷன்!"

அண்ணா, மொத்த ஊரும் எழுந்து நின்னுச்சு! அந்தக் குரலுக்குப் பழகின ஊராச்சே. ஹெச்.எம். நின்னுட்டார். சுண்டல் விக்கிறவர் கூடையைக் கீழே வெச்சுட்டு நின்னார். ஹரிஷ் காலைச் சேர்த்துட்டான். புருஷோத்தமன் சார் பாதி மேடையில் ஒரு கையில் வேட்டியோட விறைச்சு நிக்கிறார். எல்லாரும் எழுந்ததைப் பார்த்ததும் பேண்டு பசங்க நாடகம் முடிஞ்சதுன்னு நினைச்சுத் தேசிய கீதத்தை ஆரம்பிச்சுட்டானுங்க! இனிமே எவன் அசைவான்? யாரை உதைப்பான்? பாட்டு முடிஞ்சதும் ஜெய்ஹிந்த் சொல்லி ஜனம் கலைஞ்சிடுச்சு. கயிறை எவனும் இழுக்கலை. துணி இன்னிக்கு வரைக்கும் அப்படியே தொங்குது.

கன்னியம்மா டீச்சர் மேடைக்கு வந்தாங்க. என் குரலை நீ எப்படிடா எடுக்கலாம்னு அறையப் போறாங்கன்னு கண்ணை மூடிக்கிட்டேன். அவங்க குனிஞ்சு என் கையைப் பிடிச்சு, கட்டைவிரலைப் பேன்ட் தையல் மேல வெச்சு அழுத்தினாங்க. "அட்டென்ஷன்ல கட்டைவெரலு இங்க கீணும். எத்தினி தபா சொல்றது?" அப்படியே போயிட்டாங்க. ஒரு நன்றி கிடையாது, ஒரு சபாஷ் கிடையாது. என்ன ஜனமோ!

மறுநாள் ஹெச்.எம். ரூம். "அதாவது ஜெகா, பாத்தீன்னா, நாடக வீடியோ போட்டிக்கு அனுப்பணும். கடைசிக் காட்சியை மட்டும் திங்கட்கிழமை மறுபடி எடுக்கறோம். நீ விழறே, பலகை திறக்குது. விழலைன்னா கலைத் திருவிழாவுக்கு உன் பேர் போகாது."

நான் சொன்னேன், "சார், அது தப்பான வரலாறு. வெள்ளைக்காரன் மெடலைத் துரத்தலை, கடைசியில்தான் நிறுத்தினாங்க. கடைசியில் நிக்கிற மாதிரி எடுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் நிக்கிறேன். பலகையை வேற சுவத்தில் மாட்டுங்க."

ஓரமா உட்கார்ந்திருந்த புருஷோத்தமன் சார் அப்போதான் பேசினார். குதிகாலைத் தூக்கலை. செந்தமிழ் இல்லை. "எங்க தாத்தா நாப்பத்தி ரெண்டுல வேலூர் ஜெயில்ல இருந்தார்டா. உள்ள வெச்சது அந்த மெடல்ல இருக்கிற ராஜா தலைதான். வெளிய வந்து இருமி இருமியே செத்தார். அந்த ராஜாவுக்காக பர்மாவுக்குப் போனவர் பேர்ல கல்லு இருக்கு. எங்க தாத்தா பேரு இந்த ஊர்ல எந்தக் கல்லுல இருக்கு, சொல்லு?"

வகுப்புக்கு வந்து அதை அப்படியே பேசிக் காட்டினேன், இருமலோட. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. திரும்பிப் பார்த்தா சார் வாசலில் நிக்கிறார். சாக்பீஸை எடுத்துத் தேதி எழுதிட்டுப் பாடம் நடத்த ஆரம்பிச்சுட்டார். ரெண்டு போட்டிருக்கலாம். அந்தக் குரல் எனக்குச் சரியா வரலைண்ணா, அதான் கடுப்பு. ராத்திரி எல்லாம் பாத்ரூமில் சொல்லிப் பார்த்தேன். வரவே இல்லை.

இன்னிக்கு சனிக்கிழமை. வாட்ச்மேனுக்கு ஹெச்.எம். குரலில் போன்: "அதாவது, அந்த சிலுவையை ஜெகாகிட்ட கொடுத்தனுப்புப்பா, பெயின்ட் அடிக்கணும்." சல்யூட் அடிச்சுக் கொடுத்தார். இப்போ கலைத் திருவிழா போச்சு. போகட்டும். அதுக்காக எட்டாவதிலிருந்து தொண்டையைக் காய வெச்சிருக்கேன், ஐஸ் கிரீம் தொட்டதில்லை. போகட்டும்ங்கறேன்ல!

இருங்க, போன். புருஷோத்தமன் சார். பாருங்க, இப்போ எங்கம்மா குரலில், "ஜெகா குளிக்கிறான் சார்"னு… ம்ஹூம். வேணாம். இதை நானே சொல்லணும்.

"சார், நான்தான். ஜெகா. ஆமா சார், என்கிட்டதான் இருக்கு. கொண்டு வரமாட்டேன். விழவும் மாட்டேன்… சார்? நான்தான் சார். மிமிக்ரி இல்லை சார். வேற யாரும் இல்லை, இதான் சார் என் குரல்… எப்பவும் இதேதான் சார்."

அண்ணா, நம்பமாட்டேங்கறார். "யார்ரா நீ, போனை ஜெகாகிட்டக் குடு"ங்கறார். நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. பிடிங்க. பக்கத்து சீட்டுக்காரர்னு சொல்லுங்க. இவன்தான் பேசறான், நிஜமாத்தான் பேசறான்னு சொல்லுங்க. அவங்க தாத்தாவைக் கொண்டு வந்து எல்லாருக்கும் முன்னாடி நிறுத்தச் சொல்லுங்க, பெரிய கல்லா வைக்கச் சொல்லுங்க, நானே தூக்கிட்டு வரேன். நாங்க இன்னும் கடைசிக்கு நகர்ந்துக்கறோம். மேடையை விட்டு இறங்க மட்டும் மாட்டோம்னு சொல்லுங்க.